சத்தம் சுத்துது, சங்கதி விளங்கலை

போன மாசம் அத்தை பையன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினான். ஹோமப் புகை அடங்கி, இலை போட்டு, பாயசம் எல்லாம் முடிஞ்ச கையோட வந்திருந்தவங்க அத்தனை பேரையும் ஹால்ல உட்கார வச்சான். விஷயம் என்னன்னா, வீட்டைவிட அவனுக்குப் பெருமையா இருந்தது ஹோம் தியேட்டர். ஏழு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், ஒரு ரிசீவர். முக்கால் லட்ச ரூபாய். மொதல்ல ஒரு டெமோ டிஸ்க் போட்டான். பின்னாடி எங்கயோ ஒரு ஹெலிகாப்டர் கிளம்பி, தலைக்கு மேல வந்து, முன்னாடி போய் மறைஞ்சுது. குட்டிப் பசங்க எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தாங்க. "தியேட்டரே வீட்டுக்கு வந்துடுச்சு பாத்தியா?"ன்னு என் முதுகுல ஒண்ணு வச்சான்.

அப்புறம் டிவியில ஆப் மூலமா ஒரு படம் போட்டான். அம்மாவும் பையனும் சமையல்கட்டுல நின்னு பேசுற காட்சி. வயலின் அழுவுது, மழை கொட்டுது, எங்கயோ நாய் குரைக்குது, அத்தனையும் சுத்திச் சுத்திக் கேக்குது. அந்த அம்மா என்ன சொன்னாங்கன்னு மட்டும் ஹால்ல இருந்த இருபது பேருக்கும் தெரியலை. "வால்யூம் வை"ன்னு மாமா சொன்னார். வச்சான். மழை இன்னும் பலமா கொட்டுச்சு.

எங்கப்பா பத்து நிமிஷம் பார்த்தார். "வெளில நல்ல காத்து வருது"ன்னு சொல்லிட்டு எழுந்து திண்ணைக்குப் போயிட்டார். அன்னிக்கு இலைகூட அசையலை. நான் வெளிய எட்டிப் பார்த்தப்ப தனியா உட்கார்ந்து துண்டால விசிறிக்கிட்டு இருந்தார்.

அந்தக் கடுப்புல எழுதுற பதிவு இது. மென்மையா இருக்கும்னு எதிர்பார்க்காதீங்க.

மொதல்ல நம்ம தகுதியைச் சொல்லிடறேன். பொட்டி தட்டுறதுதான் பொழப்பு. படிச்சது ஈ.சி.ஈ., அதுலயும் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பேப்பர்ல அரியர் வச்சு ரெண்டாவது தடவைல தேறின ஆளு. அதனால நான் சொல்றதை வேதவாக்கா எடுத்துக்க வேண்டாம். ஆனா கணக்கு போட்டுப் பாருங்க, கணக்கு அரியர் வைக்காது.

நம்ம ஊர்ல சரவுண்ட் சவுண்டுன்னா ரெண்டே ரெண்டு எண்தான். எத்தனை ஸ்பீக்கர், எத்தனை வாட்ஸ். கடைக்காரரும் இதைத்தான் சொல்றார், வாங்குறவனும் இதைத்தான் கேக்குறான். ஸ்பீக்கர் எங்க உட்காரணும், அதுலேர்ந்து வர்ற சத்தம் காதுக்கு எப்ப வந்து சேரணும்னு ஒருத்தனும் கேக்குறதில்லை. சரவுண்டுங்கறதே அந்த 'எங்க'யும் 'எப்ப'வும்தான் சாமி!

சத்தம் ஒரு நொடிக்குச் சுமாரா 343 மீட்டர் போகும். ஒரு மீட்டருக்கு மூணு மில்லிசெகண்டு கிட்ட ஆகுது. நம்ம ரெண்டு காதுக்கும் நடுவுல ஒரு ஜாண் இருக்குமா? ஒரு பக்கத்துலேர்ந்து வர்ற சத்தம் இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் அதிகபட்சம் முக்கால் மில்லிசெகண்டுக்குள்ள வித்தியாசத்துல வந்து சேரும். அந்தத் துக்கடா வித்தியாசத்தை வச்சுத்தான் மூளை இது இடது, இது வலதுன்னு பிரிக்குது. ஒரே சத்தம் ரெண்டு இடத்துலேர்ந்து வந்தா எது முந்தி வருதோ அந்தப் பக்கம்தான் சத்தம் இருக்குன்னு முடிவு கட்டிடும். ஹெல்முட் ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் 1949லயே இதை ஆராய்ச்சி பண்ணி எழுதிட்டார். இவ்வளவு நுணுக்கமான கருவியைத் தலையோட ரெண்டு பக்கமும் வச்சுக்கிட்டு நாம கேக்குற கேள்வி, "எத்தனை வாட்ஸ்ணே?"

சரி, வாட்ஸுக்கே வருவோம். நான் ஸ்கூல் படிக்கிறப்ப பக்கத்து வீட்ல ஒரு செட் இருந்துச்சு, முன்னாடி மூவாயிரம் வாட்ஸ் பி.எம்.பி.ஓ.ன்னு கொட்டை எழுத்துல. பின்னாடி சின்ன தகட்டுல கரண்ட் எவ்வளவு இழுக்கும்னு போட்டிருக்கும் பாருங்க, அதுல நாற்பது வாட்ஸ். நாற்பது வாட்ஸ் உள்ள போய் மூவாயிரம் வாட்ஸ் வெளிய வருதுன்னா அதை மின்வாரியத்துக்குல்ல வித்திருக்கணும்? பி.எம்.பி.ஓ.வை எப்படி அளக்கறதுன்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட வரைமுறையே கிடையாது. இப்ப அந்த எழுத்து குறைஞ்சு போச்சு, புத்தி குறையலை.

கார் ஸ்டீரியோ மூஞ்சில '50 வாட்ஸ் x 4'னு இருக்கே, அது எங்கேர்ந்து வருதுன்னு பார்த்திருக்கீங்களா? வண்டி ஓடறப்ப பேட்டரியில சுமாரா 14.4 வோல்ட். ஸ்பீக்கர் நாலு ஓம்ஸ். 14.4ஐ 14.4ஆல பெருக்கி நாலால வகுங்க. 51.8. வந்துடுச்சா அம்பது வாட்ஸ்? ஆனா இந்தக் கணக்கு எப்பப் பலிக்கும்னா, பாட்டோட அலை முழுசா நசுங்கி, மேலயும் கீழயும் வெட்டுப்பட்டு, சதுரமா ஆனப்புறம்தான். அதாவது அது பாட்டா இருக்காது, கரகரப்பா இருக்கும். ஒழுங்கான அலைக்கு இதே வோல்டேஜுல அதிகபட்சம் 26 வாட்ஸ். உள்ளுக்குள்ள வீணாப் போறதைக் கழிச்சா அதுக்கும் கீழதான். கடையில பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லலை. பாட்டு பாழாப் போற இடத்துல அளந்த எண்ணை அட்டையில போட்டுருக்காங்கன்னு சொல்றேன்.

இதுல இன்னொரு கூத்து. வாட்ஸ் ரெட்டிப்பானா சத்தமும் ரெட்டிப்பாகும்னு நினைப்பு. ரெட்டிப்பு வாட்ஸுக்கு மூணு டெசிபல்தான் கூடும், கொஞ்சம் கூடின மாதிரி தெரியும், அவ்வளவுதான். காதுக்கு ரெண்டு மடங்கா கேக்கணும்னா ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேணும். அம்பதுக்கும் நூறுக்கும் நடுவுல பத்தாயிரம் ரூபாய் குடுக்கறவங்க யோசிங்க.

இப்ப அத்தை பையன் வீட்டுக்குத் திரும்புவோம். சாப்பாட்டுக்கப்புறம் எல்லாரும் கண்ணசந்த நேரத்துல நான் அந்த செட்டப்பைச் சுத்தி வந்து பார்த்தேன். வசனத்துக்குன்னே இருக்கற நடு ஸ்பீக்கர் டிவி ஸ்டாண்டுக்குள்ள, கண்ணாடிக் கதவுக்குப் பின்னாடி. அதுக்கு முன்னாடி ஒரு வெள்ளிப் பிள்ளையார். வலது ஸ்பீக்கர் டிவிக்குப் பக்கத்துல, இடது ஸ்பீக்கர் பத்தடி தள்ளி பால்கனிக் கதவோரம். பின்னாடி வர வேண்டிய நாலும் பரண் உயரத்துல, ஆணி அடிக்க எங்க சிமெண்ட் இளக்கமா இருந்துச்சோ அங்கங்க. ரூமை அளக்கறதுக்கு ரிசீவரோட ஒரு மைக் குடுப்பாங்க, அது பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காம டப்பாவுலயே தூங்குது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. டிவியிலேர்ந்து சத்தம் வெளிய போற செட்டிங் பி.சி.எம்.ல இருந்துச்சு. அந்த டிவியில அப்படி இருந்தா படத்துல என்னதான் 5.1 இருந்தாலும் ரிசீவருக்கு ரெண்டே ரெண்டு சேனல்தான் வந்து சேரும். அந்த ரெண்டையும் ரிசீவர் 'ஆல் சேனல் ஸ்டீரியோ'ங்கற மோடுல வாங்கி ஏழு ஸ்பீக்கருக்கும் ஒரே சத்தமா பங்கு போட்டுக் குடுக்குது. அதாவது, திரையில நிக்கிற அம்மா பரண்லேர்ந்தும் பேசுறாங்க, பால்கனிலேர்ந்தும் பேசுறாங்க, உங்க பிடரிக்குப் பின்னாடியும் பேசுறாங்க. எப்படிப் புரியும்?

ஏன்டா இப்படி வச்சிருக்கேன்னு கேட்டா, "எல்லா ஸ்பீக்கர்லயும் சத்தம் வரணும்ல? காசு குடுத்துருக்கேன்ல?"ங்கறான். மாத்தறேன்டான்னேன். "நீ சும்மா இருடா, கடைலேர்ந்து ஆள் வந்து பண்ணினது."

இந்த 'எல்லாத்துலயும் சத்தம் வரணும்'ங்கற வியாதிதான் எனக்குப் பெரிய எதிரி. சரவுண்ட் ஸ்பீக்கர் பாதி நேரம் சும்மா இருக்கும்யா. இருக்கணும். ஆர்க்கெஸ்ட்ராவுல ட்ரையாங்கிள் அடிக்கறவர் சம்பளம் வாங்குறார்ங்கறதுக்காகப் பாட்டு முழுக்க அடிச்சுக்கிட்டே இருப்பாரா?

இந்த ஸ்டீரியோ சமாச்சாரம் எதுக்காகப் பொறந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. ஈ.எம்.ஐ.ல ஆலன் ப்ளம்லைன்னு ஒரு இன்ஜினியர். மனைவியோட சினிமாவுக்குப் போனார். நடிகர் திரையில ஒரு ஓரத்துல நிக்கறார், குரல் வேற இடத்துலேர்ந்து வருது. அது அவருக்குப் பொறுக்கலைன்னு ஒரு கதை சொல்லுவாங்க. கதை எப்படியோ, 1931 டிசம்பர்ல ஸ்டீரியோவுக்கான பேட்டண்ட் விண்ணப்பம் அவர் பேர்ல பதிவாச்சு. அந்தக் கதைப்படி அவர் தேடினது ஹெலிகாப்டர் இல்லை. பேசுறவன் வாய் எங்க இருக்கோ அங்கேர்ந்து குரல் வரணும், அதான். 1933ல பெல் லேப்ஸ்காரங்க பிலடெல்பியாவுல நடந்த கச்சேரியை வாஷிங்டன்ல கேக்க வச்சப்ப மூணு சேனல் வச்சாங்க, இடது, நடு, வலது. நடு அப்பவே உண்டு! அப்புறம் வீட்டுக்கு வந்த ஸ்டீரியோவுல நடு காணாமப் போனதுக்குக் காரணம், எல்பி ரெக்கார்டுப் பள்ளத்துக்கு ரெண்டு சுவர்தான், சுவருக்கு ஒரு சேனல். சினிமா அந்த நடுவை விடவே இல்லை. கமலோட குருதிப்புனல் 1995ல டால்பி ஸ்டீரியோல வந்ததிலேர்ந்து, சிவாஜி 3டி 2012ல அட்மாஸுக்குப் போனவரைக்கும், நம்ம படங்கள்லயும் வசனத்துக்கு முக்கியமான இருப்பிடம் திரைக்குப் பின்னாடி நடுவுல இருக்கற ஸ்பீக்கர்தான். அதைத்தான் நாம பிள்ளையாருக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்கிறோம்.

எங்கப்பா விஷயத்தைச் சொல்லிடறேன். அவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர். அந்தக் காலத்து பஸ்ல எஞ்சின் டிரைவருக்குப் பக்கத்துலயே இருக்கும், இடது கைப்பக்கம், ஒரு பானெட்டுக்குள்ள. வெயில் காலத்துல அதுமேல கைவைக்க முடியாது. ரெண்டு வருஷம் முன்னாடி காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ஆடியோகிராம் எடுத்தாங்க. வலது காது வயசுக்கேத்த மாதிரி. இடது காதுல கோடு நேரா வந்துட்டு 4000 ஹெர்ட்ஸ்கிட்ட கிணத்துல விழுந்த மாதிரி விழுந்திருக்கு. சத்தத்துலயே வேலை பார்த்தவங்களுக்கு வழக்கமா அங்கதான் விழும்னு டாக்டர் சொன்னார்.

அங்க விழுந்தா என்ன ஆகும் தெரியுமா? உயிரெழுத்து நல்லா கேக்கும், அது கீழ் ஸ்தாயியில பலமா இருக்கறது. மெய்யெழுத்தோட அடையாளம் மேல, மெலிசா இருக்கு. அதனால பட்டம், சட்டம், கட்டம் மூணும் அப்பாவுக்கு "அட்டம்". யாரோ பேசுறது கேக்கும், என்ன பேசுறாங்கன்னு கேக்காது. வால்யூமைக் கூட்டினா பேஸும் சேர்ந்து கூடும், அது மேல இருக்கற மெல்லிசு சத்தத்தை இன்னும் மூடும். "அப்பாவுக்குக் காது மந்தம், சத்தமா வை"ன்னு நாம செய்யறது, கண்ணு மங்கினவர்கிட்ட மூஞ்சிக்கு நேரா டார்ச் அடிக்கற மாதிரி.

இப்ப சில பேர் கிளம்பி வருவாங்க. "அண்ணே, உங்களுக்கு ரசனை இல்லை. அதிரணும். நெஞ்சுல இடிக்கணும். அதான் ஃபீலு." ஒத்துக்கறேன், எனக்கும் இடிச்சாப் பிடிக்கும். ஆனா இடியோட விஷயமும் தெரிஞ்சுக்கங்க. என் ஹால் நீளம் பதினாலடி. அந்த நீளத்துல 40 ஹெர்ட்ஸ் அலை பாதி சரியா பொருந்தும். அதனால சுவரோரத்துல அந்த ஒரு சுரம் மட்டும் தும்தும்னு வீங்கும், நடு ஹால்ல ஆளே இருக்காது. ஆயிரம் வாட்ஸ் சப்வூஃபர் வாங்கி நடு ஹால்ல சோபா போட்டா, அந்த சுரம் உங்களுக்குக் கேக்காது, சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குற பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கேக்கும். இதுக்கு இருக்கற வைத்தியம் காசு இல்லாத வைத்தியம். சப்வூஃபரைத் தூக்கி நீங்க உட்கார்ற இடத்துல வைங்க, ஒரு பாட்டைப் போட்டுட்டு சுவரோரமா தவழ்ந்து போய்க் கேளுங்க, எங்க பேஸ் சமமா கேக்குதோ அங்க வைங்க. நான் தவழ்ந்தப்ப அம்மா வந்து பார்த்துட்டு "எதைடா தொலைச்ச?"ன்னாங்க. சொன்னேன். "முப்பது வயசாகப் போவுது"ன்னு முனகிட்டே போயிட்டாங்க :-)

அப்புறம் நம்ம வீடு. தரை டைல்ஸ், கூரை கான்கிரீட், சுவர் பூச்சு, சமையல்கட்டு கிரானைட். சத்தம் போய் மோதி வந்துக்கிட்டே இருக்கும். கை தட்டிப் பாருங்க, ணங்குன்னு ஒரு வால் கேக்கும். அந்த வால்தான் வசனத்தைத் தின்னுது. முட்டை அட்டை ஒட்டறது பிரயோஜனம் இல்லை, தயவுசெஞ்சு ஒட்டாதீங்க. கனமான திரைச்சீலை, தரையில ஜமுக்காளம், பின்சுவர்ல புத்தக அலமாரி. எங்க வீட்ல ஒரு பழைய இலவம்பஞ்சு மெத்தை பரண்ல கிடந்துச்சு, அதைப் பின்சுவர்ல சாய்ச்சு மேல போர்வை போட்டேன். பத்தாயிரம் ரூபாய் ஸ்பீக்கர் இருபதாயிரம் ரூபாய் ஸ்பீக்கர் மாதிரி பேச ஆரம்பிச்சுது. வீடு கொஞ்சம் சத்திரம் மாதிரி இருக்கு, அதை மறைக்க விரும்பலை.

காரைப் பத்திச் சொல்லாம விட்டா பாவம். ஆபீஸ்ல ஒரு நண்பன், சின்ன காரோட டிக்கில 12 இன்ச் சப்வூஃபர் ரெண்டு. பெட்டி வைக்க இடம் இல்லை, ஊருக்குப் போனா பொண்டாட்டி மடியில பை. ஓ.எம்.ஆர். சிக்னல்ல நின்னா நம்பர் பிளேட் ஜால்ரா தட்டும். சின்ன மூடின கேபின்லயே பேஸ் தானா தூக்கிக் குடுக்கும்; சாதாரணமா ஒரு எட்டு இன்ச்சே எதேஷ்டம். அவன் நாலு கதவுலயும் ஸ்பீக்கர் போட்டு, பின்னாடி தட்டுலயும் ரெண்டு போட்டு, "முழு சரவுண்டு மச்சி"ங்கறான். பாட்டு ஸ்டீரியோடா! பாடுறவர் உனக்கு முன்னாடி டேஷ்போர்டுல நிக்கணும், பின்சீட்ல உட்கார்ந்து உன் காதுல கத்தக்கூடாது.

டிரைவர் உட்கார்றது வலது பக்கம். வலது கதவு ஸ்பீக்கர் 80 சென்டிமீட்டர், இடது 140. அறுபது சென்டிமீட்டர் வித்தியாசம், ஒண்ணே முக்கால் மில்லிசெகண்டு. முந்தி வர்றவன் ஜெயிப்பான்னு மேல சொன்னேன்ல, அதனால மொத்தப் பாட்டும் வலது முழங்கால்கிட்ட குவிஞ்சு கிடக்கும். நிறைய செட்டுகள்ல டைம் அலைன்மெண்ட்னு ஒரு மெனு இருக்கு. வலதை அந்த 1.75 மில்லிசெகண்டு தாமதப்படுத்தி, ஃபேடரை முன்னாடி தள்ளிட்டு, கதவுக்குள்ள இருக்கற ஓட்டைகளை டேம்பிங் ஷீட் போட்டு அடைச்சேன், என் வண்டியில. கம்பெனி ஸ்பீக்கர்தான். முதல் தடவை போட்டப்ப குரல் நடு கண்ணாடியில வந்து நின்னுது, எனக்குப் புல்லரிச்சுடுச்சு. பக்கத்து சீட்ல இருக்கறவங்களுக்கு முன்னவிட மோசமா கேக்கும்ங்கறதையும் நேர்மையா சொல்லிடறேன். கார்ல ஒரு நேரத்துக்கு ஒரு ராஜாதான்.

நண்பன்கிட்ட ஒரு சத்த மீட்டர் ஆப்பைத் திறந்து காட்டினேன். போன் மைக் அவ்வளவு துல்லியம் இல்லைதான், ஆனாலும் நூறைத் தாண்டி ஆடுது. வேலை இடங்களுக்கு அமெரிக்காவுல நியோஷ்னு ஒரு அமைப்பு சொல்ற பரிந்துரை, 85 டெசிபல்னா எட்டு மணி நேரம். ஒவ்வொரு மூணு டெசிபலுக்கும் நேரம் பாதி. நூறு டெசிபலுக்குக் கால் மணி நேரம். அவன் ஆபீஸ் வர்றதுக்கே முக்கால் மணி நேரம். பின்னாடி ஆம்புலன்ஸ் வந்ததே அன்னிக்கு அவனுக்குத் தெரியலை, நான்தான் தோள்ல தட்டிச் சொன்னேன்.

எங்கப்பா காதைக் குடுத்து சம்பளம் வாங்கினார். அதுல எனக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டினார். நீ சம்பளத்தைக் குடுத்து காதையும் சேர்த்துக் குடுக்கறியேடான்னு கேட்டேன். ரெண்டு நாள் பேசலை. அப்புறம் மெசேஜ் அனுப்பினான், "அந்த டைம் அலைன்மெண்ட் மெனு எங்க இருக்கு?"ன்னு. ஒரு சப்வூஃபரைக் கழட்டிட்டான். இன்னொண்ணு இருக்கு. பையும் இன்னும் மடியிலதான்.

என் வீட்ல இப்ப மூணே ஸ்பீக்கர், முன்னாடி மட்டும். நடு ஸ்பீக்கர் டிவிக்கு அடியில, அலமாரி விளிம்புக்கு இழுத்து, உட்கார்ந்த காதைப் பார்த்து லேசா அண்ணாந்து இருக்கு. ரிசீவர்ல நடு சேனலை மட்டும் நாலு டெசிபல் தூக்கி, ராத்திரி மோடைப் போட்டேன். அது இடியை அடக்கி முணுமுணுப்பைத் தூக்கும். அப்பா நாற்காலியை அவருக்கு நல்ல காது திரையைப் பார்க்கற மாதிரி கொஞ்சம் இடதுபக்கமாத் திருப்பிப் போட்டேன். பின்னாடி ஸ்பீக்கர் ரெண்டும் டப்பாவுல இருக்கு. வேணும்னா அத்தை பையன் எடுத்துக்கட்டும், பரண்ல இடம் இருந்தா.

போன சனிக்கிழமை ராத்திரி ஒரு புதுப்படம் போட்டேன். எழுந்து போகலை. ரெண்டரை மணி நேரம் முழுசா உட்கார்ந்து பார்த்தார். முடிஞ்சதும் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எழுந்தவர், "என்னடா வசனம் எழுதுறானுங்க? ஒண்ணுமே சுகமில்லையே"ன்னார்.